பிரசவம் முடியட்டும் என்று தள்ளிவைக்கக் கூடாத மனத்துயரம்

சிங்கப்பூரில் கருவுற்ற பெண் ஒருவர் 28ஆம் வாரம்வரை ஏறத்தாழ மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறார். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 36 வாரம் தாண்டினால் வாரந்தோறும். எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சிறுநீரைச் சோதிக்கிறார்கள், வயிற்றை அளக்கிறார்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைக்கிறார்கள். அவருடைய வாழ்நாளில் வேறெந்தக் கட்டத்திலும் இத்தனை அடிக்கடி அவர் மருத்துவர் முன் உட்காரப்போவதில்லை. பிள்ளை பிறந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு, தாய்க்கென்று குறிக்கப்படும் அடுத்த சந்திப்பு பெரும்பாலும் ஆறு வாரம் கழித்துத்தான்.

மனம் துவண்டிருக்கும் பெண்ணுக்கு உதவி கேட்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது. ஆனால் நம் வீடுகளில் மனத்துயரம் மிக எளிதாக ஒத்திப்போடப்படுவதும் இதே வாரங்களில்தான். “கடைசி மாதம் அப்படித்தான் இருக்கும்”, “பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிடும்” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த ஆறுதலை நம்பிக் காத்திருக்கும் வாரங்களின் விலை பெரிது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோயறிதல் கையேட்டைத் திருத்தியபோது, பிரசவத்துக்குப் பிந்தையது என்று கருதப்பட்டுவந்த கடும் மனச்சோர்வுகளில் பாதி, குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்று குறிப்பிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் மனநலக் கோளாறுக்கு ஆளாகிறார்கள். அதில் முதலிடம் மனச்சோர்வுக்கு. பிள்ளை பெற்ற பிறகு திடீரென்று வந்ததாகத் தோன்றும் நோய், பலருக்கு எட்டாம் ஒன்பதாம் மாதத்திலேயே வேர்விட்டுவிட்டது. வளைகாப்புப் படங்களில் சிரித்த முகமாக இருப்பதால் மட்டும் அது இல்லை என்று ஆகிவிடாது.

கடைசி மூன்று மாதங்களில் உடலே மனத்துக்கு எதிராக நிற்கிறது. கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன், கர்ப்பம் அல்லாத காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது. எப்படிப் படுத்தாலும் வயிறு இடிக்கிறது, நெஞ்சு எரிகிறது, இரவில் பலமுறை கழிவறைக்கு எழ வேண்டியிருக்கிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. சிலருக்குப் படுத்தவுடன் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடைய சிக்கல் அது. ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் களைப்பு, அழுகை, படபடப்பு என மனச்சோர்வைப் போலவே முகம் காட்டும். அதனால் மனம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், நல்ல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை பார்ப்பார்.

கர்ப்பகால நீரிழிவைத் தனியே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது; இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல் என்பது தெரிந்ததே. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். முடிவு வந்த நாளிலிருந்து விரலைக் குத்துவதும் எண்ணைக் குறிப்பதுமாக வாழ்க்கை மாறிவிடுகிறது. சோறு குறைகிறது, வீட்டில் ஆளுக்கு ஆள் தட்டை எட்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒருபுறம் “இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்” என்று ஊட்டும் கை, மறுபுறம் “அதைத் தொடாதே” என்று தடுக்கும் கை. காலையில் சர்க்கரை அளக்கும் மானியில் எண் கொஞ்சம் கூடியிருந்தால், குழந்தைக்கு நாமே கெடுதல் செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு அன்று முழுக்க விடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் உணவுக் கட்டுப்பாடு. அதற்குள் இருப்பவருக்கோ ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு தேர்வு.

பயங்களும் கூடவே வருகின்றன. பிரசவ வலியை நினைத்தாலே மூச்சு முட்டும் அளவுக்குச் சிலருக்கு அச்சம் முற்றுகிறது. முன்பு கரு கலைந்தவர்களுக்கு, குழந்தை அரை மணி நேரம் அசையாவிட்டால் உலகமே நின்றுவிடுகிறது. இன்னும் சிலருக்கு, குழந்தைக்குத் தாமே ஏதேனும் செய்துவிடுவோமோ என்பது போன்ற வேண்டாத எண்ணங்கள் மின்னி மறையும். அவற்றை யாரிடமும் சொல்ல முடியாமல் அவர்கள் கூனிக்குறுகிப்போகிறார்கள். இத்தகைய எண்ணம் வந்து அதைக் கண்டு நடுங்குவது பதற்றக் கோளாறுகளில் நன்கு அறியப்பட்ட அறிகுறி. அதைக் கண்டு அஞ்சும் பெண் ஆபத்தான தாய் அல்ல. மருத்துவரிடம் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி மௌனமாக இருக்கும் பெண்களுக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர்ந்தாலே பெரிய பாரம் இறங்கும்.

இனி நம் மக்களுக்கே உரிய சூழலைப் பார்க்கலாம். வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரத்தில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களை மீண்டும் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு வந்தது என்று ஆராய்ந்தபோது கிடைத்த காரணங்கள் இவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளை வேண்டுமென்றிருந்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைகொடுத்து உதவ ஆள் இல்லாதது. இந்தக் காரணங்கள் கிராமத்தோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் பொங்கோலிலும் உட்லண்ட்ஸிலும் அடுக்குமாடி வீடுகளுக்குள் அவை வேறு உருவில் உலவுகின்றன.

ஆண் பெண் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கருவில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்கிறது. அங்கே ஏமாற்றம் வந்தாலும் அது பிரசவ அறையில்தான். சிங்கப்பூரில் 20ஆம் வாரத்தை ஒட்டி எடுக்கப்படும் ஸ்கேனிலேயே பெற்றோருக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் பெண், இப்போதும் பெண் என்று தெரிந்த பிறகு, ஊரிலிருந்து வரும் தொலைபேசிக் குரல்களின் சுருதி இறங்குவதை அந்தப் பெண் நான்கைந்து மாதம் வயிற்றில் சுமந்துகொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. யாரும் கடுமையாக ஒன்றும் சொல்வதில்லை. “பரவாயில்லை, அடுத்தது பார்க்கலாம்” என்கிறார்கள். இன்னும் பிறந்திராத குழந்தையைப் பார்த்துப் ‘பரவாயில்லை’ என்று சொல்வது அந்தத் தாயின் நெஞ்சில் எங்கே போய்த் தைக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வேலை அனுமதியில் இருக்கும் கணவரோடு இங்கே வந்து வாழும் பெண்ணுக்குத் தாய்வீடு என்பது விமானப் பயணம். விமான நிறுவனங்கள் பலவும் 28 வாரம் கடந்தால் மருத்துவர் கடிதம் கேட்கின்றன. ஒற்றைக் கரு என்றால் 36 வாரத்துக்குப் பிறகு பொதுவாக ஏற்றுவதில்லை. எனவே வளைகாப்பு முடிந்த கையோடு முடிவெடுத்தாக வேண்டும். ஊருக்குப் போனால் கணவர் உடன் இருக்க மாட்டார். இங்கே இருந்தால் அம்மா இருக்க மாட்டார். அம்மாவைக் குறுகியகால வருகை அனுமதியில் வரவழைக்கலாம் என்றால், அவர் தங்கும் நாட்கள் எண்ணப்பட்டவை. அந்த நாட்களைப் பத்தியச் சமையலுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும் வேண்டுமென்று பிரசவத்துக்குப் பின்னால் ஒதுக்கிவைக்கிறார்கள். நியாயமான கணக்குதான். ஆனால் அதன் விளைவு, 36ஆம் வாரத்திலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பெண் பகல் முழுவதும் நான்கு சுவருக்குள் தனியே இருக்கிறார். ஊருக்குத் திரும்பும் வழியும் அடைபட்டுவிட்டது. என் கண்ணுக்கு இந்தச் சில வாரங்களே நம் பெண்களுக்கு மிகவும் பாதுகாப்பற்றவை.

இவர்களில் பலர் ஊரில் பொறியாளராகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்தவர்கள். 2021 மே மாதத்திலிருந்து, கணவரைச் சார்ந்து தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். சொந்தச் சம்பளமும் சக ஊழியர்களும் இல்லாமல் போன பிறகு வரும் கர்ப்பம், சிலருக்கு இழப்புகளின் வரிசையில் இன்னொன்றாகவே மனத்தில் பதிகிறது. அதைச் சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்களோ என்று அவர்கள் வாய்திறப்பதில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்களின் பாரம் வேறு வகை. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், தாய்க்கு 16 வாரச் சம்பள விடுப்பு உண்டு; பிரசவத்துக்கு நான்கு வாரம் முன்பே அதைத் தொடங்கவும் வழியிருக்கிறது. ஆனால் ஒரு வாரத்தைக்கூட வீணாக்காமல் குழந்தையோடு கழிக்க வேண்டும் என்று பலர் பனிக்குடம் உடையும்வரை அலுவலகத்துக்குப் போகிறார்கள். மனம் நொறுங்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சேமிப்பு தேவையில்லாத வீம்பு என்றே நான் நினைக்கிறேன். மகப்பேற்று விடுப்பைத் தொடாமலேயே, மனநலக் காரணத்துக்காக மருத்துவ விடுப்பு தர மருத்துவரால் முடியும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் மனநிலையை அளக்க ஒரு படிவம் உண்டு. 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல் அது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும், 13ஓ அதற்கு மேலோ வந்தால் மனநலக் குழு விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குறைசொல்லிக்கொள்கிறீர்களா, காரணமின்றிப் பயம் வருகிறதா, துயரத்தால் தூக்கம் கெடுகிறதா என்று அவை போகும். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அந்தப் பத்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற சாயலில் பதில் வந்தால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

அந்தப் படிவம் நம் குடும்பங்களில் எப்படி நிரப்பப்படுகிறது? காத்திருப்புக் கூடத்தில் ஒரு பக்கம் கணவர், மறு பக்கம் மாமியார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் கணவர் படித்து மெல்லிய குரலில் தமிழில் சொல்கிறார். “அழுகை வருகிறதா என்று கேட்கிறார்கள், எப்போதாவது என்று போட்டுவிடட்டுமா?” பெண் தலையசைக்கிறார். மாமியார் கைபேசியைப் பார்ப்பதுபோல் இருக்கிறார், ஆனால் காது இங்கேதான். பத்தாவது கேள்வி வருகிறது. கணவர் அதைப் படித்துச் சொல்லாமலேயே ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் குறியிடுகிறார், சொல்லக் கூச்சம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மதிப்பெண் 4. தாதி புன்னகையோடு வாங்கிக்கொள்கிறார். கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள், எழுத வேண்டியது எழுதப்பட்டது, ஆனால் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை மாற்றுவது எளிது. படிவத்தை அவரே தனியே நிரப்பட்டும். ஆங்கிலம் கடினமென்றால் தமிழ்ப் படிவம் கேட்கலாம். இந்த அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூர் மருத்துவர்கள் சோதித்து, 2005இலேயே அதன் நம்பகத்தன்மையை உறுதிசெய்திருக்கிறார்கள். தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டுமென்று சொல்லலாம். கணவரும் மாமியாரும் அந்த ஐந்து நிமிடம் எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். படிவமே தராவிட்டாலும், “டாக்டர், இரண்டு வாரமாக மனசு சரியில்லை, தூங்க முடியவில்லை” என்ற ஒரு வாக்கியம் போதும். தலைவலி, நெஞ்சு படபடப்பு, பசியின்மை என்று உடலின் பெயரால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், மருத்துவர் உடலுக்குத்தான் மருந்து தருவார்.

எது கர்ப்பத்தின் இயல்பான அலுப்பு, எது நோய் என்ற ஐயம் எழும். இதற்கு நாள்கணக்கு உதவும். அழுது முடித்ததும் மனம் லேசாகிறது, தோழி வந்தால் சிரிக்க முடிகிறது, தூங்க இடம் கிடைத்தால் தூக்கம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் அலுப்பு. நோயின் முகம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி, மனம் கனத்தே இருக்கிறது. பிடித்த எதுவும் பிடிக்கவில்லை. வயிறு இடிக்காத நேரத்திலும், அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு வாங்கிவைத்த துணியைத் தொடக்கூடத் தோன்றவில்லை. நான் இல்லாமலிருந்தால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று எண்ணம் போகிறது. இப்படி இருந்தால், அடுத்த சந்திப்புவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் உதவி இருக்கிறது. நம்மில் பலரின் பாட்டிமார் பிள்ளை பெற்ற இடம் கேகே மருத்துவமனை. 1924 முதல் மகப்பேற்று மருத்துவமனையாக இயங்கும் அங்கே, 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே மருத்துவமனையில் அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸில் பதிவான கணக்கு அது. பிரசவம் பத்திரமாக முடிந்தாலே போதும் என்று நினைத்த காலம். இன்று அதே மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் மனநலத்துக்கென்று தனிக் குழு இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அத்தகைய சேவை உண்டு. 2023இல் சிங்கப்பூர் மகப்பேறு மருத்துவர்கள், கர்ப்ப காலத்திலேயே மனநிலையைக் கேட்டறிய வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். பலதுறை மருந்தகத்தில் சொன்னாலும் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருப்பதால், அதற்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்த முடியும். குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லாதவர்களுக்கு மானியம் கிடையாது. அவர்கள் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும், நிறுவனக் காப்புறுதி மனநலத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பதும் நல்லது. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தில் தமிழிலேயே பேசலாம்.

பேச்சு சிகிச்சை என்றால் நம்மவர்கள், “பேசினால் தீருமா?” என்று தயங்குகிறார்கள். தீர்கிறது என்பதற்கு நம் பக்கத்து மண்ணிலிருந்தே சான்று இருக்கிறது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில், கடைசி மூன்று மாதங்களில் மனச்சோர்வோடு இருந்த 903 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2008இல் வெளியானது. மனநல மருத்துவர்கள் போகவில்லை. வழக்கமாக வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதார ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரந்தோறும் சென்று பேசத் தொடங்கி, குழந்தை பிறந்த பிறகும் தொடர்ந்தார்கள். மனம் சொல்லும் இருண்ட எண்ணத்தை அடையாளம் காண்பது, அதற்கு மாற்றாக ஒன்றை நினைத்துப் பார்ப்பது, அந்த வாரத்துக்கு ஒரு சிறு காரியத்தைச் செய்து பார்ப்பது என்று எளிமையாகவே இருந்தது அந்தப் பேச்சு. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்த உதவி பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது; பெறாதவர்களில் 53 விழுக்காட்டினருக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம், அவர்கள் அதை மனநோய்ச் சிகிச்சை என்று வீட்டாரிடம் அறிவிக்கவில்லை என்பது. குழந்தை நன்றாக வளரத் தாய் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி மாமியாரையும் கணவரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நம் வீடுகளிலும் இந்த வாசல் திறக்கும்.

மாத்திரை பற்றிய பயத்தைத்தான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. கர்ப்பம் உறுதியானதும், ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்திவிடும் பெண்கள் அதிகம். மனச்சோர்வு முன்பு வந்து குணமானவர்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், கர்ப்ப காலத்தில் மருந்தை நிறுத்தியவர்களில் 68 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு மட்டுமே. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டுவருகின்றன. கடைசி மாதங்களில் சாப்பிட்டால், பிறந்த குழந்தை சில நாட்கள் கொஞ்சம் நடுக்கமாகவோ எரிச்சலாகவோ இருக்கக்கூடும். அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும், அதற்காகவே குழந்தையைக் கவனித்துப் பார்ப்பார்கள். நுரையீரல் ரத்த அழுத்தம் தொடர்பான அரிய சிக்கல் 1,000 குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம். இந்த அபாயங்களையும், சாப்பிடாமல், தூங்காமல், உயிரை வெறுத்து ஒரு தாய் இருப்பதால் வரும் அபாயத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையே தேவைப்படாது. எல்லா மருந்தும் ஒன்றுபோல் அல்ல என்பதும் உண்மை: மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் மருந்துகளில், வால்ப்ரோயேட்டைக் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள், லித்தியத்துக்கு நெருக்கமான கண்காணிப்பு வேண்டும். நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவரோடு பேசிய பிறகே. தேக்கா கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அமுக்கராப் (அசுவகந்தா) பொடியை, மனம் அமைதியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கர்ப்ப காலத்தில் சாப்பிடக் கூடாது. கருவுக்கு ஆகாது என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

“நீ அழுதால் பிள்ளைக்கு ஆகாது” என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். 2009இல் இங்கே தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, சீன, மலாய், இந்தியத் தாய்மார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கர்ப்பத்திலிருந்தே பின்தொடர்கிறது. கர்ப்ப காலத்தில் தாயின் மனநிலைக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியிருக்கிறது. இதை நான் இங்கே குறிப்பிடுவது சிகிச்சையின் அவசரத்தை உணர்த்தத்தான். அழும் பெண்ணின் தலையில் இன்னொரு குற்றத்தைச் சுமத்த அல்ல. ஒருநாள் அழுகை குழந்தையைக் கெடுக்காது. அழுவதையும் மறைக்க வேண்டியிருந்தால் அந்தப் பெண் உதவி கேட்க மாட்டார்.

வீட்டில் செய்யக்கூடியவை சிறியவைதான். இரவுத் தூக்கம் உடைந்தால் மதியத்தில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஒருக்களித்துப் படுக்கட்டும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து வரும் அழைப்புகளைக் கணவர் எடுக்கட்டும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் புளோக்கின் கீழே இருபது நிமிட நடை, முடிந்தால் துணையோடு. மனம் சோர்ந்திருக்கும்போது செய்யத் தோன்றியபின் செய்வோம் என்றால் நடக்காது. செய்தபின்தான் கொஞ்சம் தோன்றத் தொடங்கும். ஆகவே பிடித்த ஒன்றை, பூத்தொட்டிக்கு நீர் ஊற்றுவதோ பழைய தோழியிடம் பேசுவதோ, நேரம் குறித்து நாள்தோறும் செய்ய வேண்டும். பிரசவ வலிதான் அச்சம் என்றால், பிரசவ அறையை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று கேட்டு, வலி குறைக்கும் வழிகளை மருத்துவரிடம் விவரமாகப் பேசி, யார் உடன் இருப்பது என்று முடிவுசெய்துவிட்டால் பயம் பாதி வடியும்.

கணவரின் பங்கு, மருத்துவமனைக்குக் காரோட்டுவதோடு முடிவதில்லை. தகுதியுள்ள தந்தையருக்கு 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரச் சம்பள விடுப்பு. அதற்கு மேல், பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். அதை எந்த வாரத்தில் எடுப்பது என்று இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும். மனைவி வாய்விட்டுச் சொல்லும்போது தீர்வு சொல்ல அவசரப்படாமல் கேட்க வேண்டும். தந்தையருக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது. அவரும் தன்னைக் கவனித்துக்கொள்ளட்டும். துயரத்தின் காரணமே கணவரின் கையோங்கல் என்றால், வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அங்கே பொறுமை காக்கும்படி அறிவுரை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உறுதிப்படுவது, காதில் குரல் கேட்பது, நாட்கணக்கில் தூங்காமலும் களைப்பின்றி விறுவிறுப்பாகவும் இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வருவது ஆகிய நான்கில் எது தென்பட்டாலும் அவசரம். தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச்செல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 995. மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். கழகத்தின் மனநல உதவி எண் 6389 2222. பேசினால் போதும் என்ற நிலையில் இருந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் குற்றமல்ல. போலிஸ் வழக்கு வந்துவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே அடக்கிவைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருமுனைக் கோளாறு ஏற்கெனவே இருக்கும் பெண்களுக்குப் பிரசவத்தை அடுத்த நாட்களில் கடும் மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அவர்களுக்கான திட்டம் 32 வாரத்துக்குள்ளாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் பிரசவத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு இருந்தது என்பது, பிரசவ வார்டில் சேரும்போது தாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையோடு வீட்டுக்குக் கிளம்பும் முன், ஆறு வாரம்வரை காத்திராமல் இரண்டாவது வாரத்திலேயே மனநலக் குழுவைப் பார்க்க ஒரு தேதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரவுப் பால் முறையில் யார் எந்த நேரம் எழுவது, அம்மா ஊருக்குத் திரும்பும் நாளுக்கு அடுத்த நாள் வீட்டில் யார் இருப்பது என்பதெல்லாம் அந்தத் தேதியோடு சேர்த்துக் குறிக்கப்படட்டும். 37ஆம் வாரச் சந்திப்பில் இதைப் பேச, மருத்துவரிடம் ஐந்து நிமிடம் போதும்.